பசுமைப் பாதைக்குக் கொஞ்சம் இருட்டும் தேவை

மாணவர்களே, பள்ளி முடிந்து எந்த வழியாக வீட்டுக்குப் போகிறீர்கள்? நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும் சாலையோரமாகத்தான் போகிறார்கள். வீடமைப்புப் பகுதி, கடைவீதி, பள்ளி, பூங்கா ஆகியவற்றை மரநிழலில் இணைக்கும் பசுமைப் பாதை நமக்கும் வேண்டும் என்பதே என் கருத்து.

சிங்கப்பூரைப் பாருங்கள். தஞ்சோங் பகாருக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே கடைசி ரயில் 2011 ஜூன் 30-இல் ஓடியது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம், வீடுகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் நடுவே இன்று நடைபாதையாக இருக்கிறது. நடப்பவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர். தனித்தனித் தீவுகளாகிப் போன பசுமைத் திட்டுகளுக்கு இடையே பறவைகளும் பூச்சிகளும் இடம்பெயர இத்தகைய தொடர்ச்சி உதவுகிறது. மரங்களின் நீராவிப்போக்கு சுற்றுப்புறக் காற்றையும் குளிர்விக்கிறது.

அப்படியானால் நம் பாதையை எங்கே அமைக்கலாம்? "சிலாங்கூர் ஆற்றங்கரையில்" என்றுதான் பலரும் சொல்வார்கள். அங்கேதான் நான் மறுக்கிறேன்.

கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளி, இணையைத் தேடும் பூச்சிகளின் பேச்சு. பக்கத்தில் வெள்ளை விளக்கு எரிந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. இணை சேர்வது குறைந்தால் அடுத்த தலைமுறையும் குறையும். இன்னொன்றையும் கவனியுங்கள். மரத்தில் மின்னுவது முதிர்ந்த பூச்சிதான். அதன் புழுப் பருவம் கரையை ஒட்டிய ஈர மண்ணில், சிறு நத்தைகளைத் தின்று கழிகிறது. கரைப் புதரை வெட்டிச் சிமெண்டு போட்டால், மரம் நிற்கும், மின்மினி இருக்காது.

ஆகவே பாதை குடியிருப்புகள், கடைகள், பள்ளிகள் வழியாகவே போகட்டும். ஆற்றை ஓரிரு இடங்களில் மட்டும் எட்டிப் பார்க்கட்டும். "இருட்டில் பிள்ளைகள் எப்படி நடப்பார்கள்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. மக்கள் நடமாடும் பகுதியில் நல்ல வெளிச்சம் வேண்டும். ஆனால் விளக்கு தாழ்வாக, தரையை மட்டும் நோக்கி, மஞ்சள் நிறத்தில் இருக்கட்டும். வானத்துக்குப் போகும் வெளிச்சம் யாருக்கும் பயனில்லை. ஆற்றோரப் பகுதியை இரவில் மூடிவிடலாம்.

இதில் உங்களுக்கும் வேலை உண்டு. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அதற்கு இப்போதே தயாராகுங்கள். நீங்கள் போகும் வழியை ஒரு தாளில் வரையுங்கள். எங்கே நிழல் இல்லை, எங்கே சாலையைக் கடக்க அஞ்சுகிறீர்கள், எந்த விளக்கு மேல்நோக்கி எரிகிறது என்று குறியுங்கள். வரைவு வெளிவரும் நாளில் பெற்றோரோடு அந்தத் தாளையும் கொண்டு போங்கள். அந்த வழியில் தினமும் நடப்பவர்கள் நீங்கள்தானே!