‘வரேல்லை’ எண்டது ஒரு காரணமா?

பெரியம்மாவின் கணக்கில் இரண்டு மாதமாக அஸ்வெசும காசு விழவில்லை. அவ அதை எங்களுக்குச் சொன்னது மூன்றாவது மாதம். “பாங்கில ஏதும் பிழையாயிருக்கும், வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்” என்றா. இதற்கிடையில் கடையில் கொப்பிக் கணக்கு ஏறிவிட்டது.

பெரியம்மா இருப்பது படகில் மட்டும் போகக்கூடிய ஒரு தீவில். எந்தத் தீவு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நாலு வீட்டுக்குள் ஆளைப் பிடித்துவிடுவீர்கள். பெரியப்பா இல்லை. பெரியம்மா பனையோலையில் பெட்டி இழைக்கிறா, ஒடியல் காயவைத்து விற்கிறா. அவவின் பெயர் ‘வறிய’ பிரிவில் இருந்தது. அந்தப் பிரிவுக்கு முதலில் மாதம் 8,500 ரூபாய், 2025 ஜனவரியிலிருந்து 10,000 ரூபாய்.

அக்கரைக்குப் போய் அலுவலகத்தில் கேட்டபோது வந்த பதில் இதுதான்: “உங்களுக்கு எதிரா ஒரு ஆட்சேபனை வந்தது. விசாரணைக்குத் திகதி தந்தனாங்கள். நீங்கள் வரேல்லை.”

ஆட்சேபனை என்ன? அவவுக்கு வெளிநாட்டுக் காசு வருகிறதாம். உண்மையில் வருவது, என் அண்ணா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அனுப்புகிற காசு. அது சேலைக்கும் பலகாரத்துக்கும் சரியாக இருக்கும். சரி, யாரோ எழுதியிருக்கினம், விசாரிக்கட்டும். ஆனால் இங்கே விசாரணையே நடக்கவில்லை. காசு நின்றதற்குக் காரணம் ஆட்சேபனை உண்மை என்பது அல்ல, பெரியம்மா அன்று அங்கே இல்லை என்பது.

ஏன் இல்லை? விசாரணைக் கடிதம் அவவின் கையில் கிடைத்தது விசாரணைக்கு முதல்நாள் பின்னேரம். கடிதத்தில் போட்டிருந்த திகதிக்கும் அந்தப் பின்னேரத்துக்கும் இடையில் பத்து நாள். தபாலும் அதே கடலைத்தானே தாண்டி வரவேணும். அடுத்தநாள் விடிய ஆறு மணிக்கே அவ சேலை உடுத்து, பைலைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு இறங்குதுறையில் நின்றிருக்கிறா. மாரிகாலம், கடல் அடிக்குது, இண்டைக்கு லோஞ்ச் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். கடிதத்தில் இருந்த நம்பருக்கு அடித்திருக்கிறா. ஒருவரும் எடுக்கவில்லை. எட்டு மணிமட்டும் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டா.

இதுக்குப் பெயர் ‘வரவில்லை’.

தீவகத்தின் வழி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுச் சனத்துக்கு அவர்களுடைய பிரதேச செயலகம் கடலுக்கு அந்தப்பக்கம். நெடுந்தீவுக்குத் தீவுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ஆனால் மாவட்டச் செயலகம், போதனா வைத்தியசாலை என்று மற்றதெல்லாம் யாழ்ப்பாணத்தில்தான். அதற்குக் குறிகாட்டுவான் வரை கிட்டத்தட்ட ஒரு மணிநேரக் கடல், பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று ஒரு மணிநேரத்துக்கு மேல் பஸ். காற்று எழும்பினால் படகு நிற்கும். இதில் சனத்தின் பிழை எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் கேட்கவேணும். கடல் கொந்தளிக்கிற நாளில் தீவுக்குக் கடமைக்கு வரவேண்டிய உத்தியோகத்தர்களும் வரமுடியாமல் போகிறது. அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. “லோஞ்ச் ஓடேல்லை” என்ற அதே வசனம் ஒருவருக்கு நியாயமான காரணம். பெட்டி இழைக்கிற மனிசிக்கு மட்டும் அது சாட்டாகத் தெரிகிறது.

அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. சமுர்த்தியில் ஆட்களைத் தெரிவுசெய்ததில் அரசியல் கலந்துவிட்டது, இனிமேல் அளவுகோல் வைத்து அளப்போம் என்றார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவில் 22 குறிகாட்டிகள். அந்த நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் பட்டியல் வெளிவந்தவுடன் நடந்தது என்ன? 20 இலட்சம் குடும்பங்களுக்கென்று தொடங்கிய திட்டத்துக்கு 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் போயின. அளவுகோல் எல்லாரையும் சரியாக அளக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அளவு பிழைக்கும் என்று தெரிந்தால், திருத்துவதற்கான கதவைத்தான் அகலமாகத் திறந்து வைக்கவேணும். அந்தக் கதவுக்குக் காலை 9.30 என்று நேரம் குறித்து, வராவிட்டால் பூட்டு என்றால், மேன்முறையீடு, விசாரணை என்ற சொற்களுக்கு என்ன மதிப்பு?

இதை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் கென் லோச்சின் ‘ஐ, டேனியல் பிளேக்’ படத்தைத் திரும்பப் பார்த்தேன். 2016இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற படம். (அதற்கு முதல் வருடம் அதே விருது ‘தீபன்’ படத்துக்குப் போனது. அதில் நடித்த ஷோபாசக்தி எங்கட தீவகத்து அல்லைப்பிட்டிக்காரர்.) இங்கிலாந்தில் வேலை தேடுகிறவர்களுக்கு அரசு உதவிப்பணம் கொடுக்கிறது. பதிலுக்கு, சொன்ன நேரத்துக்கு வேலைவாய்ப்பு நிலையத்துக்குப் போகவேணும். போகாவிட்டால் காசை வெட்டுவார்கள். படத்தில் கேற்றி என்ற தாய், லண்டனிலிருந்து தெரியாத ஊரான நியூகாசிலுக்கு வந்தவள், பஸ்ஸை மாறி ஏறியதால் பிள்ளைகளோடு பிந்திப் போகிறாள். அவள் சொல்வதை அங்கே ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. வரிசையில் இருந்த டேனியல் எழும்பி அவளுக்காகக் கதைக்கிறார். இரண்டு பேரையும் வெளியே அனுப்புகிறார்கள். அந்தக் காட்சியில் எனக்குப் பெரியம்மாவும் இறங்குதுறையும்தான் தெரிந்தது.

அந்த நாட்டு முறை கொடுமையானது. படமே அதைச் சொல்லத்தான் எடுத்தது. ஆனாலும் அங்கே சட்டத்தில் ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறார்கள்: ‘நல்ல காரணம்’. வராததற்கு நல்ல காரணம் இருந்தால் வெட்டக்கூடாது. வெட்டினால், முதலில் அதே திணைக்களத்திடம் முடிவை மீளப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், பிறகு அதற்கு வெளியே உள்ள தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சட்டத்தில் இருப்பது எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் “ஏன் வரேல்லை?” என்று கேட்கவேண்டிய கடமை எழுத்தில் இருந்தால், கேட்காமல் விட்டவரைப் பிடித்துக் கேட்க எங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

இலங்கையில் வேலையில்லாதவர்களுக்கென்று மாதாந்த அரச கொடுப்பனவு ஒன்றும் இல்லை. இருப்பது அஸ்வெசும மாதிரி நலன்புரிக் காசுதான். அதற்குரிய சட்டம் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். கொடுப்பதைப் பற்றி மட்டுமல்ல, நிறுத்துவதைப் பற்றியும் பேசுகிற சட்டம் அது. ஆட்களை வெளிப்படையான முறையில் தெரிவுசெய்யவேணும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நிறுத்தும்போதும் அந்த வெளிப்படை இருக்கவேணும் என்பதுதான் என் வாதம்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உங்கட வீட்டிலும் யாருக்கும் உதவலாம்.

முதலில், காசை நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். அதன் 35ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. உங்களைப் பாதிக்கிற ஒரு முடிவை ஒரு பகிரங்க அதிகாரசபையின் அலுவலர் எடுத்தால், நீங்கள் கேட்கும்போது அதற்கான காரணத்தை அவர் சொல்லவேணும். வாயால் சொன்ன ‘வரேல்லை’ கடிதத்தில் வந்த பிறகுதான் அதற்கு எதிராக எழுத எங்களுக்கு ஏதோ ஒன்று கையில் இருந்தது.

அடுத்தது சான்று. அன்று படகு ஓடவில்லை என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கினோம். விசாரணைக் கடிதம் வந்த உறையைப் பெரியம்மா எறியாமல் வைத்திருந்தா. அதில் தபால் முத்திரைத் திகதி இருந்தது. எங்கட மொத்த வழக்குக்கும் அந்த உறைதான் பெரிய சாட்சி. தயவுசெய்து அரசாங்கக் கடித உறைகளை அடுப்பு மூட்டப் பாவிக்காதேயுங்கோ.

பிறகு ஒரு பக்கக் கடிதம். அழுது மன்றாடவில்லை, திட்டவும் இல்லை. இந்தத் திகதியில் கடிதம் கிடைத்தது, இந்தத் திகதியில் படகு ஓடவில்லை, ஆட்சேபனைக்குப் பதில் சொல்ல நான் தயார், படகு நேரத்துக்கு ஏற்ற இன்னொரு திகதி தாருங்கள், நின்ற மாதங்களின் காசையும் தாருங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினோம்.

இதிலும் சரிவராவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அரசியலமைப்பின் 12(1) சொல்கிறது. அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. “பாத்துக்கொண்டிருந்தனான்” என்று இருந்துவிடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஆறு கிழமைக்குப் பிறகு புதுத் திகதி வந்தது. விசாரணை பத்து நிமிசம். பாங்குப் புத்தகத்தைப் பார்த்தார்கள், இரண்டு கேள்வி கேட்டார்கள், ஆட்சேபனையைத் தள்ளினார்கள். விசாரித்த உத்தியோகத்தர் நல்ல மாதிரி. தேத்தண்ணி கொடுத்து, “அம்மா, முதலே வந்திருந்தால் இவ்வளவு கரைச்சல் இல்லை” என்றும் சொன்னாராம். அவர் மனதில் கெட்டது இல்லை. அவர் மேசையில் கோப்புகள் மலை மாதிரி. அதனால்தான் இது நல்ல உத்தியோகத்தர், கெட்ட உத்தியோகத்தர் என்ற கதை இல்லை என்கிறேன். விதி சரியாக இருந்தால், மனம் நல்லதோ கெட்டதோ, பெரியம்மாவுக்குக் காசு நிற்காது.

என்ன விதி? பெரிதாக ஒன்றும் இல்லை. விசாரிக்காமல் காசை நிறுத்தக்கூடாது. படகு ஓடாத நாள் விசாரணை நாளாகக் கணக்கில் வரக்கூடாது. அதைப் பெரியம்மா நிரூபிக்கவேண்டியதில்லை, ஒரு கோல் எடுத்தால் அலுவலகத்துக்கே தெரியும். தீவுச் சனத்தின் விசாரணைகளை மாதம் ஒருநாள் தீவுக்கே வந்து, நடமாடும் சேவையாக நடத்தலாம். ஒருத்தருக்காக முப்பது பேர் கடல் கடப்பதா, முப்பது பேருக்காக ஒருத்தர் கடப்பதா? பிழையாக நின்ற காசு, திரும்பத் தொடங்கும்போது முழுதாகச் சேர்ந்து வரவேணும்.

கடைசியாகச் சொன்னது இன்னும் நடக்கவில்லை. பெரியம்மாவுக்கு இப்போது மாதாமாதம் காசு விழுகிறது. நின்ற நாலு மாதத்துக்குரிய 40,000 ரூபாய் வரவில்லை. கேட்டால் “அது வேற பிரிவு” என்கிறார்கள். கடைக்காரர் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எத்தனை நாளைக்குப் பொறுக்க ஏலும்?

போன கிழமை இரண்டாவது கடிதத்தை எழுதி அவவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: “திகதி போடேக்க லோஞ்ச் நேரத்தையும் பாக்கச்சொல்லி எழுது. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் எண்டு எழுது.”

எழுதியிருக்கிறேன்.