சாப்பிட்ட வீட்டுப் பாட்டி



திருமலைக்குப் போய்வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு பாட்டியின் பெயரில் சாப்பிட்டுவிட்டுத்தான் மலை இறங்குகிறோம். தரிசனம் முடிந்து, லட்டுக்கு நின்று, கால் வலியும் பசியுமாக நுழைகிறோமே, அந்த அன்னதானக் கூடத்தைச் சொல்கிறேன். இலை விழுகிறது. சர்க்கரைப் பொங்கல் வருகிறது, பின்னாலேயே சாம்பாரும் ரசமும், கடைசியில் மோர். ஒரே நேரத்தில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் உட்காரலாம். 2011-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பா என்று பெயர். யார் அந்த அம்மாள் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. இந்த இதழைப் பாட்டிகளுக்கு என்று ஒதுக்கியபோது, முதல் பக்கம் அவருக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பழைய சித்தூர் மாவட்டத்தில், வாயல்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது தரிகொண்டா. அங்கே 1730-ஐ ஒட்டிப் பிறந்தவர் வெங்கமாம்பா. சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம். கொஞ்ச காலத்தில் கணவர் போய்விட்டார். பொட்டை அழி, தலையை மழி என்றது ஊர். முடியாது என்றார் அந்தப் பெண். வேங்கடவனே தன் கணவன், அவன் இருக்கும்வரை பூவும் பொட்டும் இருக்கும் என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில், அக்கிரகாரத்து விதவைப் பெண் ஒருத்தி தனியாக நின்று அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! மகளை அடக்கிப் பார்த்த தந்தை, பிறகு மதனப்பள்ளியில் சுப்பிரமணிய சாஸ்திரியிடம் பாடம் கேட்க அனுப்பினார். அதன்பின் எழுத்து நிற்கவில்லை. ஊர் நரசிம்மர் மேல் சதகம், திருமலைக்கு வந்தபின் வேங்கடாசல மாகாத்மியம், துவிபத பாகவதம், யட்சகான நாடகங்கள் என்று ஆயுள் முழுக்க எழுதினார்.

ஊர்த் தொல்லை பொறுக்காமல் திருமலைக்கு வந்தவருக்கு முதலில் இடம் கொடுத்தது ஹாதிராம்ஜி மடம் என்பார்கள். அங்கும் நிம்மதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட எச்சில் இலைகளை இவர் முற்றத்தில் எறிவாராம். சொல்லிப் பார்த்தும் நிற்காததால், தும்புரு தீர்த்தத்துக்குப் போய்க் காட்டில் பல ஆண்டுகள் தவம் இருந்துவிட்டுத் திரும்பினார் என்று அவர் சரித்திரம் சொல்பவர்கள் கூறுவார்கள். எச்சில் இலையை வீட்டுக்குள் வாங்கிய அந்த அம்மாள், பின்னாளில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மலையேறி வருபவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார், சோறு போட்டார். இன்று நாள்தோறும் பல்லாயிரம் இலைகள் விழும் கூடத்துக்கு அவர் பெயரை வைத்தவர்கள் சரியான பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மலையில் அவர் பெயர் சொல்லும் இன்னொரு நேரமும் உண்டு. இரவில் கடைசியாக நடப்பது ஏகாந்த சேவை. கட்டிலில் போக சீனிவாசர் என்னும் வெள்ளித் திருமேனியைக் கிடத்தி, தாள்ளபாக்கம் அன்னமய்யாவின் தாலாட்டு பாடி, வெங்கமாம்பா பெயரில் முத்தியால ஆரத்தி (முத்து ஆரத்தி) எடுப்பார்கள். தாலாட்டு தாள்ளபாக்கத்தாருடையது, ஆரத்தி தரிகொண்டாவினுடையது என்பது அந்தப் பக்கத்து வழக்கு. (மார்கழியில் மட்டும் அந்தக் கட்டிலில் கிருஷ்ணன் படுப்பார்.) போக சீனிவாசரின் வெள்ளித் திருமேனியைச் செய்து கொடுத்தவரும் ஒரு பெண்தான். பல்லவ குலத்து சாமவை 966-இல் அதைக் கொடுத்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. ஒரு பெண் கொடுத்த விக்கிரகத்துக்கு இன்னொரு பெண்ணின் பெயரில் ஆரத்தி எடுத்த பிறகுதான் மார்கழி தவிர அந்தக் கோயிலில் ஒவ்வொரு நாளும் முடிகிறது. எனக்கு இது சாதாரணச் செய்தியாகத் தெரியவில்லை.

வெங்கமாம்பாவைப் பாட்டி என்று சொல்லலாமா என்று யோசித்தபோது இன்னொருவர் நினைவுக்கு வந்தார். கனடாவின் ஓஜிப்வே பழங்குடியில் ஜோசபின் மண்டமின் என்று ஒரு பாட்டி இருந்தார். ஏரிகள் மாசுபடுவதைப் பொறுக்காமல், 2003-இல் ஒரு செம்பு வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். பிறகு பேரேரிகள் ஐந்தையும் சுற்றி நடந்தார். 2019-இல் அவர் காலமானார். இன்று அவர் வழியில் இளம்பெண்கள் வாளி தூக்குகிறார்கள். அவர்கள் அவரைப் பாட்டி என்றே நினைவுகூர்கிறார்கள். பிள்ளை பெறாத வெங்கமாம்பாவையும் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மீண்டும் சித்தூருக்கு வருகிறேன். 1911 வரை அது நம் வட ஆற்காட்டோடு இருந்த ஊர். அங்கே ஒரே வீட்டில் பாட்டி தமிழிலும் பேத்தி தெலுங்கிலும் பேசிக்கொள்வது இன்றும் உண்டு. அந்த வீடுகளிலிருந்து பாட்டிகளைப் பற்றிக் கடிதங்கள் வர வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

உங்கள் பாட்டியைப் பற்றி எழுதுங்கள். "அன்பானவர், நன்றாகச் சமைப்பார்" என்று நிறுத்திவிடாதீர்கள். அவர் பிறந்த ஊர், எதற்கு முடியாது என்றார், யாருக்குச் சோறு போட்டார், யாரிடம் பேச்சை நிறுத்தினார் என்றெல்லாம் எழுதுங்கள். முக்கியமாக, அவர் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால், தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை திருமலைக்குப் போனால், சாப்பிட்டு முடித்ததும் கோயிலுக்கு வடக்கே ஒரு பள்ளி வளாகத்தில் இருக்கும் வெங்கமாம்பாவின் சமாதியான பிருந்தாவனத்துக்கும் போய் வாருங்கள். 1817-இல் மறைந்தவர் அங்கேதான் இருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்