சமையலறைக் குழாய்க்கு எதற்கு பிளம்பர்?

பல வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சிங்க் குழாயின் வாயில் ஒரு பழைய துணி கட்டியிருக்கும். ஏன் என்று கேட்டால், "திறந்தா நாலு பக்கமும் தெறிக்குது, பிளம்பர் நாளைக்கு வரேன்னு சொல்லியிருக்கார்" என்று பதில் வரும். அந்த நாளை மட்டும் வருவதே இல்லை!

பிளம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து நிமிட வேலைக்கு ஊரின் மறுகோடியிலிருந்து வந்து போனால் அவருக்குக் கட்டுப்படியாகாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

போர் தண்ணீரில் பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். தண்ணீர் காயக் காய அவை குழாய் முனையின் சல்லடையில் வெள்ளையாகப் படிகின்றன. பாதி ஓட்டை அடைபட்டதும் மீதி ஓட்டைகள் வழியே தண்ணீர் கோணலாகப் பீய்ச்சுகிறது. அந்தப் படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். இதையே பரீட்சையில் சமன்பாடாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிய மாணவர்தான், வீட்டுக்கு வந்து குழாய்க்குத் துணி கட்டுகிறார்!

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. சிங்க்கின் ஓட்டையைத் துணியால் அடைக்கவும். சிறு பாகங்கள் உள்ளே விழாது.

2. முனையைக் கையால் திருகிக் கழற்றவும். வரவில்லையென்றால் துணி சுற்றி கட்டிங் பிளேயரால் திருப்பவும்.

3. வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்க்கவும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் வரும்.

4. மாட்டிய பிறகு மரையில் கசிந்தால், டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்றி மீண்டும் பூட்டவும்.

மூடிய பிறகும் சொட்டுகிறதா? பழைய திருகு குழாயில் வாஷர் தேய்ந்திருக்கும். வால்வை மூடிவிட்டுப் புது வாஷர் போட்டால் போதும். எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் மெதுவாக வந்தால் கோளாறு முனையில் இல்லை, தொட்டியிலோ பைப்பிலோதான். சுவருக்குள் கசிந்தால் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும். எது எவருடைய வேலை என்று தெரிவதும் ஒரு அறிவுதான்.

ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது 21 லிட்டருக்கும் மேல். ஒரு பெரிய கேன் தண்ணீர்! 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, அந்த ஒரு கேனுக்காக லாரியின் பின்னால் குடத்தோடு ஓடியவர்கள் எத்தனை பேர்!

இருந்தும் ஏன் யாரும் கற்றுக்கொள்வதில்லை? சமையலறை அம்மாவுக்கு, ஸ்பானர் அப்பாவுக்கு என்று பிரித்து வைத்ததில் குழாய் அநாதையாகிவிட்டது. பள்ளியிலும் சமன்பாடு உண்டு, ஸ்பானர் இல்லை. ஆண், பெண் என்று பார்க்காமல் எல்லா மாணவர்களுக்கும் ஒரு வகுப்பில் ஒரு குழாயைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தால் போதும். அறிவியல் வீட்டுக்குள் வந்துவிடும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணியை அவிழ்த்துப் பாருங்கள்.