பழகினால் பயம் போகுமா?

பல்லேபொலயில் சித்திரைப் புத்தாண்டின் சுபநேரம் பிறந்ததும் முதல் சீன வெடிச் சரம் வெடிக்கும். மறுநொடி பல வீட்டு நாய்கள் கட்டிலுக்கடியில் இருக்கும். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும். காது பின்னால் மடிந்திருக்கும். வாயிலிருந்து எச்சில் வடியும். கோழித் துண்டை நீட்டினாலும் முகர்ந்துகூடப் பார்க்காது. வீட்டுப் பெரியவர் சொல்லும் வைத்தியம் ஊருக்கெல்லாம் பொது: "வெளியில கட்டிவிடுங்க, நாலு தரம் கேட்டாப் பழகிரும்." நாயைக் கண்டு நடுங்கும் பிள்ளைக்கும் இதே வைத்தியம்தான். கையைப் பிடித்து இழுத்துப்போய் நாயின் முன்னால் நிறுத்தி, "கடிக்காது, தொட்டுப் பார்" என்பார்கள்.

இந்த நம்பிக்கையில் கால்வாசி உண்மை உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் மீதி முக்கால்வாசியும் பிழைத்துவருகிறது.

மெட்ரோனோம் ஓசைக்குப் பின் உணவு வரும் என்று கற்ற நாய்க்கு, ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும் என்று இவான் பாவ்லோவ் காட்டினார். ஆனால் சிறிது ஓய்வு கொடுத்துவிட்டு மீண்டும் ஒலித்தால் எச்சில் திரும்பி ஊறும் என்பதைக் காட்டியவரும் அவரே. பயமும் இப்படித்தான். மார்க் பௌட்டன் முதலிய உளவியலாளர்களின் ஆய்வுகள் சொல்வது: பழைய பயம் அழிவதில்லை, 'இப்போது ஆபத்தில்லை' என்ற இன்னொரு பாடம் அதன்மேல் படிகிறது. அந்தப் பாடம் கற்ற இடத்தையும் காலத்தையும் விட்டு எளிதில் வெளியேறாது. முற்றத்தில் அடங்கிய நடுக்கம் சந்தியில் திரும்புவது அதனால்தான். 1924இல் லெனின்கிராட் வெள்ளத்தில் பாவ்லோவின் நாய்கள் மூழ்கும் தறுவாயில் காப்பாற்றப்பட்டன. பிறகு தேறிய ஒரு நாயின் அறைக்குள், கதவுக்கடியால் கொஞ்சம் தண்ணீர் ஓடவிட்டதும் அது பழையபடி நிலைகுலைந்தது.

ஊர் வைத்தியங்கள் அனைத்தையும் அதே 1924இல் ஒருவர் சோதித்தும் முடித்துவிட்டார். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், பயந்த பிள்ளைகளிடம் ஒவ்வொரு வழியாக முயன்றார். பயந்த பொருளைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார். நல்லபடியாக எடுத்துச் சொன்னார். திரும்பத் திரும்பக் காட்டினார். மற்றப் பிள்ளைகள் கேலி செய்வதையும் பார்த்தார். எதுவும் நம்பத்தக்கதாக இல்லை. கேலி நிலைமையைக் கெடுத்தது. நிச்சயமாகப் பலன் தந்தவை இரண்டு: பயமில்லாத பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கவிடுவது, பிடித்த உணவோடு பயந்த பொருளை மெல்ல இணைப்பது. முயலுக்கு அஞ்சிய பீற்றர் என்ற சிறுவன் சாப்பிடும்போது கூட்டைத் தூரத்தில் வைத்து, நாளடைவில் அருகே கொண்டுவந்தார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் பீற்றர் விட்டான்.

ஊரார் இங்கே ஒரு சாட்சியை அழைப்பார்கள்: யானை. வடக்கே கலேவெல, தம்புள்ளைப் பக்கம் வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடிக்கு யானைகள் இப்போது அசைவதில்லை, பழகிவிட்டனவே என்பார்கள். பழகியது உண்மை. ஆனால் சும்மா கேட்டா பழகின? வெடி கேட்ட இடத்திலெல்லாம் விளைந்த நெல்லும் வாழையும் இருந்தன. உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வயிறும் நிறைந்தது. வேண்டாமென்றால் திரும்பிப் போகவும் காடு இருந்தது. கட்டிப்போட்ட நாய்க்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. இந்தச் சாட்சி எதிர்க்கட்சிக்காரர்.

நாய்க்கும் ஜோன்ஸின் உணவு வழிதான். அந்தப் பயிற்சியில் வரிசை முக்கியம். கைபேசியில் பதிந்த வெடிச் சத்தத்தை, நாய் காதை மட்டும் அசைக்குமளவு மெல்லியதாக ஒலிக்கவிட வேண்டும். சத்தம் முதலில், கோழித் துண்டு அடுத்து. மாற்றிச் செய்தால் கோழியைக் கண்டாலே நாய் வெருளலாம். அவசரப்பட்டால் உணவின்மீதே பயம் ஒட்டிக்கொள்ளும் என்று ஜோன்ஸும் எச்சரித்தார். துண்டை நாய் மறுத்தால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ரீமர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 1,225 நாய் வளர்ப்போர் பங்கேற்றனர். வெடிச் சத்தம் கேட்டதும் உணவோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பலன் கண்டதாகச் சொன்னார்கள். ஒலிப்பதிவுப் பயிற்சியில் அது 55 சதவீதம். இவை வளர்த்தவர்கள் சொன்ன கணக்குகள்தான். புதிய இணைப்பும் இடையிடையே புதுப்பிக்காவிட்டால் தளரலாம். ஆனாலும் தூணில் கட்டுவதற்குச் சாதகமாக இவ்வளவுகூடக் கிடையாது.

'தடவிக்கொடுத்தால் பயம் கூடும்' என்பதும் வீண் பேச்சு. பயம் பரிசுக்காகச் செய்யும் வித்தை அல்ல. கடுமையாக நடுங்கும் நாய்க்கு மிருக வைத்தியர் மருந்தும் தருவார். பயிற்சியைத் தை மாதத்திலேயே தொடங்கினால் சித்திரைக்கு முன் அவகாசம் உண்டு.

பிள்ளைக்கு இன்னும் எளிது. தடுப்பூசி போட்ட சாதுவான நாய் ஒன்று வீதியின் மறுபக்கம், இந்தப் பக்கம் ஒரு ஐஸ்கிறீம், அந்த நாயோடு விளையாட அயல்வீட்டுப் பிள்ளை ஒன்று. எவ்வளவு கிட்டப் போவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். "பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்கும் மாமாவை மட்டும் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவது நல்லது.