வேலை யாருக்கு? நிலம் யாருது?

2024 சனவரியில் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. 631 ஒப்பந்தங்கள். 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு. வேலை எத்தனை பேருக்கு? 26,90,657 பேருக்கு! கடைசி ஏழு பேரைக்கூட விடாமல் எண்ணி அறிவித்தார்கள். இவ்வளவு கறாராக எண்ணத் தெரிந்தவர்களிடம் நமக்கு ஒரே ஒரு கேள்விதான். இதில் சேரிக்காரன் எத்தனை பேர்? பதில் கிடையாது. அந்தக் கணக்கை எவனும் எடுக்கவில்லை.

"கம்பெனி வந்தா எல்லாருக்கும்தானே வேலை, இதுல என்னய்யா சாதி?" என்று கேட்கிற முற்போக்காளர்கள் நம் பக்கத்திலேயே நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். பெரிய கம்பெனிக்காரன் முழுக்க முழுக்கத் தன் கைக்காசில் தொழில் தொடங்குவதில்லை. 1971லிருந்து சிப்காட் என்கிற அரசு நிறுவனம் நிலத்தை எடுத்து, ரோடு போட்டு, தண்ணீர் இழுத்து, மனைகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. அதற்கு மேல் முதலீட்டு மானியம், முத்திரைத்தாள் கட்டணத்தில் விலக்கு, மின்வரியில் விலக்கு, கட்டிய வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது என்று பட்டியல் நீள்கிறது. இதெல்லாம் யார் பணம்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற கூலிக்காரியின் பணமும் இதில் இருக்கிறது. நம் பிள்ளை இடஒதுக்கீட்டில் ஒரு சீட்டு வாங்கினால் அவன் 'சலுகையில வந்தவன்'. கோடி கோடியாக அரசாங்கத்திடம் வாங்குகிற முதலாளி மட்டும் 'திறமையில வந்தவன்'. இந்தப் பித்தலாட்டத்துக்குப் பெயர்தான் தொழில் கொள்கை.

அடுத்து நிலம். திருப்பெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர் எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர்தான் 1891ல் நம் மக்களின் நிலமற்ற நிலையை அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892ல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுக்குக் கை மாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை என்ன கதியாச்சு என்று ஊர் ஊராக நமக்குத் தெரியும். பறிபோன நிலத்தைத் திருப்பிக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீசு சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே மாவட்டத்தில் உலகக் கம்பெனிகளுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். நிலம் கேட்ட மண்ணின் மக்களுக்குக் குண்டு, கார் கம்பெனிக்கு நிலம்!

அரசுக் கணக்கில் 'தரிசு', 'புறம்போக்கு' என்று எழுதியிருப்பதெல்லாம் சேரிக்கு மாடு மேய்க்கிற இடம், விறகு பொறுக்குகிற இடம், சுடுகாட்டுக்குப் போகிற வழி. சிப்காட் வந்து வேலி போட்டால் பட்டாக்காரனுக்கு இழப்பீடு. அந்த வயலில் மூணு தலைமுறையா நாத்து நட்டவளுக்கு? 2013ல் வந்த மத்தியச் சட்டம், மூன்றாண்டாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிகளையும் குத்தகைக்காரர்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஒப்புக்கொண்டது. நிலம் எடுக்கும் முன்பு சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டு அரசு என்ன செய்தது? 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2019ல் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றதும், அதே ஆண்டில் முன்தேதியிட்டு இன்னொரு சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021ல் உச்சநீதிமன்றமும் தலையாட்டிவிட்டது. ஆய்வே கட்டாயமில்லை என்றால் கூலிக்காரி அங்கே இருந்தாள் என்பதற்கு எங்கே பதிவு? பதிவில் இல்லாதவளுக்கு எவன் மறுவாழ்வு தருவான்? 1997 சட்டம் திமுக ஆட்சியில் வந்தது, விலக்கு அதிமுக ஆட்சியில் வந்தது. இந்த ஒரு விசயத்தில் இரண்டு கழகமும் ஒரே கட்சி.

"நிலம் போனா என்ன, கம்பெனியில வேலை கிடைக்குமே" என்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் கம்பெனிகளின் பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும்தான் வேறு. தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. 'தகுதி, திறமை' என்ற பல்லவியின் யோக்கியதை இதுதான். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று மார்தட்டுவார்கள். வேண்டாமே! "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?" என்ற ஒரு கேள்வி போதும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சொல் போகட்டும், நல்லதுதான். ஆளெடுக்கிறவன் மண்டையிலிருந்து அது போகுமா?

கம்பெனிக்குள்ளே கக்கூசு கழுவுவதும் மூட்டை தூக்குவதும் யார், ஏ.சி. அறையில் ஆளெடுப்பது யார் என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் சொல்வது பொய் என்றால் கணக்கை வெளியிட்டு நிரூபியுங்கள்.

கிடைத்த வேலையாவது நிலைக்கிறதா? நோக்கியா 2006ல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. கிராமத்துப் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். வரிவழக்கு, கம்பெனி கைமாற்றம் என்று சொல்லி 2014 நவம்பரில் கதவைச் சாத்தினான். இருபது சொச்சம் வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்குக் கையில் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். போர்டு 2022ல் மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தியது. சங்கம் வைக்கிற உரிமைக்கே சாம்சங் தொழிலாளர்கள் 2024ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1946ல், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2023 ஏப்ரலில் அவர் படத்துக்கு மாலை போட்ட கை காய்வதற்குள் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மே நாளில் திரும்பப் பெற்றார்கள்.

"நீங்களும் முதலாளி ஆகுங்க" என்று இப்போது ஒரு வழி காட்டுகிறார்கள். 2023ல் அண்ணல் அம்பேத்கர் பெயரிலேயே திட்டம். 35 விழுக்காடு மூலதன மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம். வரட்டும், வாங்கிக்கொள்வோம். சேரியில் பத்துப் பேர் முதலாளி ஆனாலும் மிச்சமிருக்கிற ஆயிரம் பேர் கூலிக்குத்தானே போக வேண்டும்? அவர்கள் வாசலில் நிற்கும்போது யார் கதவைத் திறப்பது?

தனியார் துறையில் இடஒதுக்கீடு என்றாலே "சட்டத்துல இடமில்ல" என்கிறார்கள். தனியார் கல்லூரிக்கும் இடமில்லை என்றுதான் சொன்னார்கள். 93ஆவது திருத்தம் வந்து 15(5) பிரிவு சேர்ந்தது. அரசு உதவி வாங்காத கல்லூரிகளுக்கும் அது செல்லும் என்று 2014ல் உச்சநீதிமன்றமே ஒப்புக்கொண்டது. உதவி வாங்காத கல்லூரியைக் கட்டுப்படுத்தலாம், அரசு நிலமும் அரசுப் பணமும் வாங்கும் கம்பெனியைக் கட்டுப்படுத்தக் கூடாதா? அரியானாவில் உள்ளூர்க்காரர்களுக்கு 75 விழுக்காடு என்ற சட்டம் 2023ல் நீதிமன்றத்தில் விழுந்ததைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அது மண்ணின் மைந்தர் சட்டம். எல்லாக் கம்பெனி மீதும் திணித்தது. நாம் கேட்பது வேறு. சலுகை வேண்டும் என்று கையேந்தி வருகிறவனிடம் அரசு போட வேண்டிய நிபந்தனை இது. வேண்டாம் என்றால் சலுகை இல்லாமல் தொழில் நடத்தட்டும். முக்கியத் தொழில்களும் விவசாயமும் அரசு வசம் இருக்க வேண்டும் என்று 1947லேயே அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் எழுதினார். அதோடு ஒப்பிட்டால் நாம் கேட்பது கால்வாசி கூட இல்லை.

நம் கோரிக்கைகள்:

1. மானியமோ வரிச்சலுகையோ சிப்காட் மனையோ வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு எல்லா மட்டத்துக்கும் நிபந்தனையாக வேண்டும். ஒப்பந்தக் கூலிக் கணக்கைக் காட்டி ஏமாற்றக் கூடாது.

2. அந்தக் கம்பெனிகளின் சாதிவாரி வேலைக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

3. பஞ்சமி நிலத்தை அடையாளம் கண்டு உரியவரிடம் ஒப்படைக்காமல் எந்த ஊரிலும் சிப்காட்டுக்கு நிலம் எடுக்கக் கூடாது.

4. நிலமற்ற கூலிகளைக் கணக்கெடுத்து மறுவாழ்வு கொடுத்த பிறகே வேலி போட வேண்டும்.

மாணவத் தோழர்களே, கோரிக்கையை எழுதி வைத்தால் மட்டும் காரியம் நடக்காது. ஒரு சிப்காட், அதைச் சுற்றி நாலு சேரி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிராம நிருவாக அலுவலகத்தில் பழைய அ-பதிவேட்டைக் கேளுங்கள், 'டி.சி. நிலம்' என்று எழுதியிருக்கிற சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வீடு வீடாகப் போய் யார் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள், என்ன வேலை, என்ன கூலி, நிரந்தரமா ஒப்பந்தமா என்று எழுதி வாருங்கள். அரசு எடுக்க மறுக்கும் கணக்கை நாம் எடுப்போம். அடுத்த முதலீட்டாளர் மாநாட்டின் வாசலில் அந்தக் கணக்கோடு போய் நிற்போம்.