அவன் யாருடைய மாணவன்?

"அவனா? அவன் சிறப்பு டீச்சருடைய பையன்." ஆசிரியர் அறையில் இப்படிச் சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனாலும் உள்ளடக்கிய கல்வி சறுக்குவது பெரும்பாலும் அந்த 'உடைய'வில்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அவை உள்ள பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே பள்ளியில் படிக்க வழிசெய்தது. சிறப்புப் பயிற்றுநர் எத்தனை பேர் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது: தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படி மூன்று மாணவர் மட்டும் படிக்கும் பள்ளிக்கு முழுநேரப் பயிற்றுநர் கிடைக்க மாட்டார். பல பள்ளிகளுக்குப் பொதுவானவர் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வந்துபோவார். மற்ற நாள்களில் அந்தப் பையனுக்கு வகுப்பாசிரியர்தான் எல்லாம்.

ஆகவே அந்த இருவரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். நாலாம் வகுப்பில் பின்னம் நடத்துகிறார்கள். பார்வை மங்கிய ஒரு சிறுமி இருக்கிறாள். கரும்பலகையில் எழுதும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வட்டத்தைத் தடித்த கோட்டில் வரைய வேண்டும், கையில் தொட்டு மடிக்க ஒரு தாள் தர வேண்டும் என்பதெல்லாம் பயிற்றுநருக்குத் தெரியும். பின்னம் எந்த வாரம் வருகிறது, அவள் வகுத்தலிலேயே தடுமாறுகிறாளா என்பது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும். பாடம் முடிந்தபின் பயிற்றுநர் அவளைத் தனியறைக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுப்பது ட்யூஷன். கூட்டுப் பணி ஆகாது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த எங்கள் காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். நகரிலிருந்து திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர். இங்கே பயிற்றுநருக்குத் தூரம் ஒரு சாக்கே இல்லை. கால அட்டவணையில் இருவருக்கும் பொதுவாக ஒரு பாடவேளை காலியாக இருக்கிறதா என்பதே கேள்வி. அதை ஒதுக்கித் தர வேண்டியவர் தலைமையாசிரியர்.

இருவரும் சேர்ந்து பேச இன்னொரு காரணமும் உண்டு. புதுச்சேரிக்குச் சொந்தக் கல்வி வாரியம் கிடையாது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய அரசுப் பள்ளிகளில் 2023-24-இல் 6 முதல் 9 வரையும் 11-ஆம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின, அடுத்த ஆண்டு 10-உம் 12-உம். அந்த வாரியத்தில் மாற்றுத்திறன் மாணவருக்கு மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல்; சொல்வதை எழுதுபவர் உண்டு; இரண்டுக்குப் பதில் ஒரு மொழியே போதும் என்ற சலுகையும் உண்டு. ஆனால் இன்னொருவர் கையால் கணக்கு எழுதுவது தேர்வன்று காலையில் வந்துவிடாது. ஒன்பதாம் வகுப்பிலேயே கணித ஆசிரியரும் பயிற்றுநரும் சேர்ந்து பழக்க வேண்டும். எந்தச் சலுகை வேண்டும் என்று முடிவெடுக்கும்போது பெற்றோரும் அங்கே இருக்க வேண்டும்.

பேசியதை எழுதியும் வைக்க வேண்டும். இங்கே அது கூடுதலாகவே தேவை. எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நாகூர். அங்கே அரசு வேறு, வாரியம் வேறு. வேலைக்காக வீடு மாறும் குடும்பத்தோடு பிள்ளையும் போய்விடுவான். டி.சி.யோடு அந்தத் தாளும் போனால், புதுப் பள்ளியின் ஆசிரியை முதல் நாளே படித்துக்கொள்வார்: வலது காது கேட்காது, முன்வரிசையில் வலப்பக்கச் சுவரோரம் உட்கார வைக்கவும்.