பள்ளிக்கு ஸ்பீக்கர் வாங்குமுன் ஒரு வார்த்தை



நம் பள்ளி ஹாலுக்கு ஸ்பீக்கர் வாங்கித்தர நீங்கள் பணம் சேர்ப்பது அறிந்து மிக்க மகிழ்ச்சி. ஆனால் குரூப்பில் எல்லோரும் கேட்பதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், பேஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும், சத்தம் கடைசி வரிசை வரை போக வேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைக்காது. கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னாலும் கிடைக்காது.

இதற்கு ஹாஃப்மனின் இரும்பு விதி என்றே பெயர். அமெரிக்காவில் கே.எல்.எச். ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் அவர். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் நிறைய சத்தம். இரண்டை எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். மூடிய சின்னப் பெட்டிக்குள் ஊஃபருக்கும் அதே கதிதான். காற்று ஸ்பிரிங் விறைப்பாகிவிட்டால் ஆழமான பேஸ் வராது. வரவைக்கக் கூம்பைக் கனமாக்க வேண்டும். கனமான கூம்பை அசைக்க அதிக வாட்ஸ் வேண்டும். 1954-இல் எட்கர் வில்ச்சர் இதைத் தெரிந்தே செய்தார். அவருடைய ஏ.ஆர்-1 ஸ்பீக்கர் அந்தக் காலத்துப் பீரோ போன்ற பெட்டிகளை விட மிகச் சிறியது, பேஸோ அருமை. ஆனால் பெரிய ஆம்ப்ளிஃபையர் கேட்டது. வீட்டில் உட்கார்ந்து இசை கேட்பவருக்கு அது நல்ல பேரம்.

இன்னொன்று. அதே சத்தத்தை 80 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40 ஹெர்ட்ஸில் எழுப்ப, கூம்பு 4 மடங்கு தூரம் முன்பின் ஓட வேண்டும். அதற்குக் காயில் நீளமாக வேண்டும். நீளமான காயிலில் ஒரு பகுதி எப்போதும் காந்த இடைவெளிக்கு வெளியே நிற்கும், சத்தம் தராமல் சூடு மட்டும் தரும்.

நம் ஹாலில் நடப்பது என்ன? காலை வழிபாடு, பேச்சுப்போட்டி, பெற்றோர் கூட்டம். தகரக் கூரை, சிமெண்ட் தரை. அங்கே பேஸ் அடங்காமல் உருண்டுகொண்டே இருக்கும், சொல்லை விழுங்கும். ஆண் குரலே சுமார் 100 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே. ஆகவே விட வேண்டியது ஆழமான பேஸைத்தான் என்பது என் கருத்து. டான்ஸ் ஆடும் ஒருநாளுக்கு சப்-ஊஃபரை வாடகைக்கு எடுங்கள். பின்வரிசைப் பிள்ளைகள் வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் காது சற்று மந்தமானவர்களும் உண்டு.

கடைக்குப் போகிறவர்கள் வாட்ஸை மட்டும் கேட்காதீர்கள், சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 86 உள்ளதற்கும் 96 உள்ளதற்கும் ஒரே சத்தம் வர, முதலாவதற்கு 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். பணம் கொடுக்குமுன் ஸ்பீக்கரை ஹாலுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்து, மைக்கில் கல், பல், சொல், நெல், வில் என்று டிக்டேஷன் கொடுங்கள். நோட்டை நானே வந்து திருத்துகிறேன்.